பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்த மகசின்கள்

1. முதல் நாள்

மணியத்தின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்கு மூன்று பொருட்களைத் தந்தார். ஒரு சமையலறைக் கடிகாரம், ஒரு டின் சிவப்புப் பெயின்ட், ஒரு வாளி. எனக்குத் தரப்பட்ட பயிற்சி அவ்வளவுதான்.

பட்டறை நியூசிலாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கிறது. முன்பக்கம் புல்வெட்டும் மெஷின்கள். நடுவில் செயின்சோக்கள். பின்பக்கம் இரும்புக் கதவு போட்ட ஓர் அறையில் துவக்குகள். முயலையும், மரத்தில் வாழும் பொசம் என்ற சிறு விலங்கையும் சுடுகிறவர்கள் கொண்டுவரும் சின்னத் துவக்குகள்தான், பெரும்பாலும் பொயின்ட் டூ டூ ரவை போடுகிறவை. மணியம் மலேசியாவில் ஈப்போவில் பிறந்தவர், பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொண்டே இருக்கும். புல்வெட்டும் மெஷினில் தொடங்கி, டீலர் லைசன்ஸ் எடுத்து, துவக்குப் பழுதுபார்க்கும் இடம் வரை வந்தவர்.

எனக்குக் கிடைத்த வேலை மகசின். துவக்கின் அடியில் செருகுகிற, ரவைகளை அடுக்கி வைக்கிற சிறிய தகரப் பெட்டியைத்தான் சொல்கிறேன். மணியம் மிக மலிவான மகசின்களைப் பெட்டி பெட்டியாக இறக்கினார். அவற்றில் சில வரும்போதே கோணலாக வரும். அவற்றைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்க ஓர் ஆள் வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தியவன், படிப்பு ஐந்தாம் வகுப்பு. இந்த வேலைக்கு அது போதும் என்றார்.

"இது சீப் சாமான் தம்பி. ஒன்னுக்குப் பத்து நிமிசம். சரியாச்சா, டிராயர்ல போடு. ஆவலையா, அடியில சிவப்பு அடி, வாளில போடு. மாசக் கடைசில நான் நசுக்கிப்புடுவேன். யோசிக்காத லா. யோசிக்கிறதுக்கு வேற ஆளு இருக்கு."

"ஆர்?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் கேட்க நினைத்துக் கேட்காதவற்றை எழுதினால் இந்தக் குறிப்பு ஒரு புத்தகமாகிவிடும்.

2. லைசன்ஸ்

துவக்குச் சாமான்களைத் தொட எனக்கும் லைசன்ஸ் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோருமே எங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் நான் நியூசிலாந்துக்கு ஓடி வந்தேன். இங்கே வந்து துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பம் போட்டேன் என்று சொன்னபோது என் மனைவி காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எழுத்துப் பரீட்சையை மூன்றாம் முறையில் பாஸ் பண்ணினேன். பிறகு ஓர் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். இவர் கோபக்காரரா, வீட்டில் சண்டை உண்டா என்று மனைவியிடம் தனியாகக் கேட்டார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த மகளிடம் மனைவி சொன்னது கேட்டது.

"இந்த மனுசன் என்னோடை சண்டை பிடிக்கிறதுக்கே வாய் திறக்காது. கலியாணம் கட்டி இத்தனை வருசத்திலை ஒரு சண்டைகூட முழுசா நடக்கேல்லை. எல்லாத்தையும் நான்தான் தனியப் பிடிச்சனான். அதைச் சொல்லு பிள்ளை."

மகள் அதைச் சொல்லவில்லை. "ஹி'ஸ் ஸ்கேர்ட் ஒஃப் த நெய்பர்ஸ் கெட்" என்று மட்டும் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பூனைக்கு நான் பயப்படுவது உண்மை. உத்தியோகத்தர் அதையும் எழுதிக்கொண்டார். லைசன்ஸ் வந்துவிட்டது.

3. திருத்துவதா, எறிவதா

இந்த வேலைக்கு வருகிற இளம் ஆட்களுக்காக இதைச் சற்று விவரமாக எழுதுகிறேன். மலிவான மகசினில் நான்கு உறுப்புகள்தான் உண்டு. தகரப் பெட்டி, உள்ளே ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் ரவையைத் தள்ளும் பிளாஸ்டிக் தட்டு, கீழே மூடி. பெட்டியின் வாயில் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்த விளிம்பு இருக்கும். அதை நாங்கள் உதடு என்போம். ரவை மேலே பாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வதும், நேரம் வரும்போது ஒன்றை மட்டும் விடுவதும் அந்த உதடுதான். மகசினின் மானம் அந்த இரண்டு உதடுகளில் இருக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், புதிது போடுங்கள். தட்டு சரிந்தால் ஓரத்தை மணல்தாளால் தேயுங்கள். உதடு விரிந்தால், பெட்டி இரும்பென்றால், ஒரு தடவை வளைக்கலாம். ஒரே ஒரு தடவைதான். பிளாஸ்டிக் உதடு விரிந்தால் எறியுங்கள். முதுகுப் பக்கத்துத் தையல், அதாவது தகரத்தை மடித்து ஒட்டிய இடம், மயிரளவு பிளந்தாலும் எறியுங்கள். திருத்தியபின் வெடிக்காத டம்மி ரவை போட்டு முப்பது தரம் ஏற்றி இறக்குங்கள்.

இவை எல்லாம் எனக்கு இரண்டாம் மாதமே தெரியும். தெரிந்தபடி நான் நடக்கவில்லை. அதுதான் மீதிக் கதை.

4. வாளி

பத்து நிமிடம் முடிந்து கடிகாரம் கிணுகிணுக்கும்போது என் கையில் இருக்கும் மகசின் பாதி திருந்தியிருக்கும். இன்னும் அரை மணி நேரம் கிடைத்தால் முழுதும் திருந்திவிடும். அதற்குச் சிவப்பு அடித்து வாளியில் போடு என்றால் எப்படி?

நான் வேலை பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். ஸ்பிரிங் ஒன்று கிடைத்தால் அதைக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். பற்றறி செத்தால் வெயிலில் காயப்போட்டு மறுபடி உயிர் கொடுப்பார்கள். அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறி என்னோடே வந்துவிட்டது. வாளியில் விழும் ஒவ்வொரு மகசினின் சத்தமும் எனக்கு முதுகில் தட்டுவதுபோல இருந்தது.

ஸ்மோகோ என்று இங்கே சொல்கிற காலைத் தேநீர் நேரத்திலும், மதியச் சாப்பாட்டு நேரத்திலும் வாளியிலிருந்து ஒன்றிரண்டை எடுக்கத் தொடங்கினேன். உதடுகளை வளைத்தேன். நிமிர்ந்தால் மறுபடி வளைத்தேன். பிளந்த தையலுக்கு ஈயம் பற்றவைத்தேன். திருந்தியதும் பெயின்ட் கரைக்கும் தின்னரால் சிவப்பைத் துடைத்து நல்ல மகசின்களின் டிராயருக்குள் போட்டேன்.

ஏன் களவாகச் செய்தாய் என்று கேட்பீர்கள். களவு என்று நான் நினைக்கவில்லை. எனக்கு ஒரு மகசினுக்கு நாற்பது நிமிடம் வேண்டும் என்று மணியத்திடம் போய்க் கேட்க வேண்டும். அதற்கு வாய் திறக்க வேண்டும். அதைவிடச் சாப்பாட்டை விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

விளைவு வேடிக்கையாக இருந்தது. வாளி நிறையவே இல்லை. ஒருநாள் மணியம் அதைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா தம்பி? இந்த சப்ளையர் நல்லவன் லா. சீப்பா குடுக்குறான், ஆனா சாமான் நல்ல சாமான். ரிஜெக்டே இல்ல!"

அடுத்த வாரம் அதே ஆளிடம் இன்னும் இரண்டு பெட்டி எடுத்தார். நான் குப்பையைத் திருத்தத் திருத்த, அவர் அதே குப்பையைக் கூடுதலாக இறக்கினார். நான் இன்னும் வேகமாகத் திருத்தினேன்.

5. ஐஸ்கிரீம் டப்பா

பிரபுவை இன்னும் சொல்லவில்லை. கவுன்டரில் நின்றவன் அவன். திண்டுக்கல் பக்கம். படிக்க வந்து, படித்து முடித்து, வேலை விசாவில் எங்களிடம் இருந்தான். நான் ஒரு நாளில் பேசுவதை அவன் ஒரு வாடிக்கையாளர் கதவைத் திறப்பதற்குள் பேசிவிடுவான். புல்வெட்டும் மெஷின் வாங்க வந்தவருக்குச் செயின்சோவும் விற்பான். அவருடைய வீட்டில் மரமே இருக்காது.

ஒரு திங்கட்கிழமை ட்ரேசி என்ற பெண் போன் பண்ணினார். தெற்கே பண்ணைகளில் முயலும் பொசமும் சுடுவது அவருடைய தொழில். பன்னிரண்டு மகசின் வேண்டும், உடனே வேண்டும் என்றார். டிராயரில் நான்குதான் இருந்தன. பிரபு, "சாரி, ஸ்டாக் இல்ல" என்று சொன்னது என் பெஞ்ச் வரை கேட்டது. பாவம், தொழில் செய்கிற மனுசி ஏமாந்து போகிறாரே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. என் மேசைக்கடியில் திருத்தி முடித்த எட்டு மகசின்கள் இருந்தன. அன்று பின்னேரம் அவற்றை டிராயரில் போட்டேன். செவ்வாய்க்கிழமை பிரபு டிராயரைத் திறந்தான், பன்னிரண்டைக் கண்டான், ட்ரேசிக்குப் போன் பண்ணிச் சந்தோஷமாக விற்றுவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ட்ரேசி நேரில் வந்தார். முழங்கால் வரை சேற்றுப் பூட்ஸ். கையில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதைக் கவுன்டரில் கவிழ்த்தார். பன்னிரண்டு மகசினும் உருண்டன.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரவை இரண்டு இரண்டாக ஏறுகிறது என்றார். முந்தின நாள் மகசினைக் கழற்றிவிட்டுத் துவக்கு காலி என்று நினைத்தாராம். வழக்கப்படி, ரவை ஏறும் அறையை மூடுகிற போல்ட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு ரவை தப்பி விழுந்து படுத்திருந்ததாம். "நான் பார்க்கிற பழக்கம் உள்ளவள். பார்க்காத ஒருவருக்கு நீங்கள் இதை விற்றிருந்தால்?" என்று கேட்டார்.

மணியம் ஒரு மகசினின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மூடி சேரும் பள்ளத்தில், தின்னர் போகாத மூலையில், நூல்போல ஒரு சிவப்புக் கோடு.

ட்ரேசிக்கு மன்னிப்பும் வேறு மகசின்களும் கொடுத்து அனுப்பிய பிறகு மணியம் பிரபுவின் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழம ஸ்டோக் இல்லன்னு நீதான் சொன்ன. செவ்வாக்கிழம பன்னண்டு எப்பிடி வந்துச்சு?"

"டிராயர்ல இருந்துச்சு பொஸ்."

"மகசின் என்னா கோழியா, ஒரு ராத்திரில முட்ட போட?"

"சத்தியமா டிராயர்லதான் இருந்துச்சு. நான் எடுத்தேன், குடுத்தேன்."

"வாளில இருந்து எடுத்தியா?"

"வாளிப் பக்கம் நான் எதுக்குப் போறேன்? எனக்கு மகசின்ல எது தலை, எது வாலுன்னே தெரியாது பொஸ்!"

"விக்கறதுக்கு தெரிஞ்சுச்சில்ல?"

பிரபு என்னைப் பார்த்தான். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

நான் கையில் ஒரு செயினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன்.

"அவர இழுக்காத," என்றார் மணியம். "அந்த மனுசன் வாயத் தொறந்து உண்மையே பேச மாட்டாரு. பொய் எங்க பேசப் போறாரு?" பிறகு பிரபுவிடம் மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழம வரைக்கும் டைம். உண்மைய சொல்லிடு. இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

வேற எடம் என்றால் என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும். பிரபுவின் விசாவில் எங்கள் பட்டறையின் பெயர்தான் இருந்தது. இந்த வேலை போனால் அவன் வேறு வேலையோடு வேறு விசாவும் தேட வேண்டும். நிரந்தரமாகத் தங்குவதற்குப் போட்ட விண்ணப்பமும் நடுவழியில் நின்றுவிடும். கிடைக்காவிட்டால் விமானம்தான்.

6. மூன்று நாள்

புதன்கிழமை காலை மணியத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

"என்னா தம்பி?"

நான் மனதில் எட்டு வசனம் அடுக்கிவைத்திருந்தேன். ஒன்றும் ஏறவில்லை. "செயின் ஒயில் முடிஞ்சுது," என்றேன்.

"நேத்துதான லா வாங்குனோம்?"

"ஓம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஸ்மோகோ நேரம் பிரபு தன் தேநீரை எடுத்துக்கொண்டு என் பெஞ்சுக்கு வந்தான். டெய்ரி என்று இங்கே சொல்கிற பக்கத்துச் சில்லறைக் கடையில் எனக்கும் சேர்த்து, இறைச்சி அடைத்துச் சுட்ட பை ஒன்று வாங்கி வந்திருந்தான். வேலை போகப்போகிறவன் எனக்குத் தீனி வாங்கி வருகிறான்.

"ஊருக்குப் போனா மாமா டிராவல்ஸ்ல கார் ஓட்ட வேண்டியதுதாண்ணே. கொடைக்கானலுக்கு ஹனிமூன் ஜோடிய ஏத்திட்டுப் போவேன். மாஸ்டர்ஸ் முடிச்ச டிரைவருன்னு கார்ல போர்டு வச்சுக்கலாம்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "நான் அத எடுக்கலண்ணே. நீங்களாவது நம்புறீங்கள்ல?"

"ஓம்."

"அந்த ஒரு ஓம் போதும்ணே. மத்தவங்க பத்து வார்த்த பேசுறதுக்கு அது சமம்."

அந்த இறைச்சிப் பையில் பாதியை நான் குப்பைத் தொட்டியில் போட்டேன். வாழ்க்கையில் நான் எறிந்த முதல் சாப்பாடு அது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு மணி நேரமானது. அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பெடியனை ஏத்திவிடப் போறீங்களோ பிளேனிலை?"

"சொல்லத்தான் போறன். வாய் வருதில்லை."

"மகசினுக்கெல்லாம் ஸ்பிரிங் போடுறீங்கள். உங்கடை வாய்க்கு ஒண்டு போட ஏலாதோ? கதைக்க ஏலாட்டி எழுதிக் குடுங்கோ. எழுத ஏலும்தானே?"

நல்ல யோசனை. என் ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய குற்றத்தை எழுத முடியாது. தமிழில் எழுதினேன். வேலை விவரம் எழுதுகிற மூன்று ஜொப் கார்டுகளின் பின்பக்கம், நுணுக்கி நுணுக்கி. வாளியில் எடுத்தது, துடைத்தது, டிராயரில் போட்டது, பிரபுவுக்கு ஒன்றும் தெரியாது என்பது, எல்லாம் இருந்தது. "இங்ஙனம்" போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

7. வெள்ளிக்கிழமை

காலையில் கார்டுகளை மணியத்தின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"நில்லு. என்னா இது?" கார்டை ஒருமுறை நேராகப் பிடித்தார், ஒருமுறை தலைகீழாகப் பிடித்தார். "ஜிலேபி புழிஞ்ச மாதிரி இருக்கு. தம்பி, நான் ஈப்போவுல இங்கிலீஷ் ஸ்கூல் லா. தமிழ் பேசத்தான் தெரியும். படிக்க ஒரு எழுத்து தெரியாது."

அவரோடு அவ்வளவு காலம் வேலை செய்தேன். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு தடவையாவது வாய் திறந்து கேட்டிருக்க வேண்டுமே. கார்டுகளைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் கூப்பிட்டுவிட்டார்.

"பிரபு! இங்க வா. இத படி. சத்தமா படி."

பிரபு வந்தான். அன்று தன் கடைசி நாள் என்று நினைத்து நல்ல சட்டை போட்டிருந்தான். கார்டை வாங்கி வாசித்தான்.

"மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு, தங்கள் கீழ்ப்பட்ட ஊழியனாகிய நான் தாழ்மையுடன்…"

குரல் நின்றது. கண் மட்டும் வரி வரியாகக் கீழே ஓடியது. முதல் கார்டு, இரண்டாம் கார்டு, மூன்றாம் கார்டு. பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது. அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. பிறகு என் கையைப் பார்த்தான், காதோர நரையைப் பார்த்தான். இந்த ஐந்தாம் வகுப்பை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டான் என்று நினைக்கிறேன்.

கார்டுகளை மடித்தான்.

"அண்ணே லீவு கேக்குறாரு பொஸ். அடுத்த வாரம். கோயில்ல ஏதோ திருவிழாவாம்."

"லீவுக்கு மூணு கார்டா?"

"யாழ்ப்பாணத்துக்காரங்க பொஸ். மரியாதையா எழுதுவாங்க. முதல் கார்டு முழுக்க வணக்கம்தான்."

மணியம் சிரித்துவிட்டார். "குடுத்தேன்னு சொல்லு," என்று கையை ஆட்டினார். பிறகு முகம் மாறியது. "சரி பிரபு. இப்ப நீ சொல்லு. இன்னிக்கு வெள்ளிக்கிழம."

"பொய்," என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையது. இவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. முன்பக்கம் யாரோ மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"என்னா பொய்?"

"லீவு இல்லை. அவன் பொய் சொல்லுறான். நான்தான் செய்தனான்."

"அண்ணே, பேசாம இருங்கண்ணே," என்றான் பிரபு. என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படாத வசனம் அது.

"வாளியிலை இருந்து எடுத்தது நான். சிவப்பைத் துடைச்சது நான். திருத்தி டிராயருக்குள்ளை போட்டதும் நான். இவனுக்கு ஒண்டும் தெரியாது. அவன் டிராயரைத் திறந்தான், வித்தான், அவ்வளவுதான்."

மணியம் கதிரையில் சாய்ந்தார். "எத்தன?"

"தெரியாது."

"வெளில போனது எது எதுன்னாச்சும் தெரியுமா?"

"நம்பர் போடேல்லை."

"ஏன் லா? ஏன்?"

"எறிய மனம் வரேல்லை. கேக்க வாய் வரேல்லை."

மணியம் மெல்ல நிமிர்ந்தார். "அப்ப… அந்த சப்ளையர் நல்லவன்னு நான் ரெண்டு பெட்டி எக்ஸ்ட்ரா எடுத்தது?"

"அதுவும் என்னாலைதான்."

அதற்கு அவர் மலாய் மொழியில் பதில் சொன்னார். அதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

பிரபு கதவருகில் நின்றான். "சாரின்னு ஏதாவது சொல்லுவீங்களா பொஸ், இல்ல நான் கவுன்டருக்குப் போகவா?"

"போ லா. மத்தியானம் சாப்பாடு என் செலவு."

"பிரியாணி."

"சரி, பிரியாணி."

இப்படித்தான் பிரபுவின் வேலை தப்பியது. என் வேலையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

8. போன்

தண்டனை பிற்பகலில் வந்தது. டிராயரிலிருந்து மகசின் வாங்கிய எல்லோருடைய பெயரும் விற்பனைப் புத்தகத்தில் இருந்தது. மணியம் அதைப் பிரதி எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் போனையும் வைத்தார்.

"ஒவ்வொருத்தரையும் கூப்புடு. நீ என்ன செஞ்சேன்னு சொல்லு. திருப்பிக் கொண்டாரச் சொல்லு. உன் வாயால."

"பிரபுவின்ரை இங்கிலீஷ் நல்லம், பொஸ்."

"பிரபு பேசுனா அவங்க திருப்பித் தர மாட்டாங்க. இன்னும் ரெண்டு வாங்கிட்டுப் போவாங்க."

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பிரபு ஒரு அட்டையில் ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தான். முதல் போனை எடுக்குமுன் மூன்று தரம் கழிப்பறைக்குப் போனேன்.

முதலில் ட்ரேசியைக் கூப்பிட்டேன். அட்டையை வாசித்தேன். அவர் முழுவதையும் கேட்டார். திருத்தியது பிழையில்லை என்றார். திருத்தியது என்று என்னிடம் சொல்லியிருந்தால், கடதாசியில் குறி பார்த்துப் பழக வைத்துக்கொண்டிருப்பேன், வேலைக்குக் கொண்டுபோயிருக்க மாட்டேன் என்றார். மெக்கானிக் என்று யாரிடமும் நான் கற்றதைவிட அந்த இரண்டு வசனத்தில் கற்றது அதிகம்.

மூன்று நாள் போன் பண்ணினேன். நான்காவது ஆளோடு அட்டையைப் பார்க்காமல் பேசினேன். ஏழாவது ஆளோடு காலநிலை பற்றியும் பேசினேன். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். ஒருவர் மட்டும் நான் பணம் பறிக்கிற மோசடிக்காரன் என்று நினைத்து இரண்டு தரம் போனை வைத்தார்.

கடைசியாக, நகரின் மறுகோடியில், பக்குரங்காவில் ஒரு கிழவர். தர முடியாது என்றுவிட்டார். தன்னிடம் இருப்பதிலேயே இதுதான் நல்ல மகசின், ஒருநாளும் சிக்கியதில்லை என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். வாதாடியது நான். மணியமும் பிரபுவும் கதவருகில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிழவர் அசையவில்லை. அடுத்த வாரச் சனிக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் சமையலறை மேசையில் மகசினை வைத்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முதுகுத் தையலில் என் ஈயம், வெள்ளிக் கோடுபோல ஒழுங்காக ஓடியிருந்தது. உதடுகள் இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. நான் செய்ததிலேயே சிறந்த வேலை அது. அதை அழிப்பதற்காகப் பக்குரங்கா வரை பெட்ரோல் எரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தையல் பிளந்திருந்தது, ஈயம் வைத்தேன். உதட்டை மூன்று தரம் வளைத்தேன், ஒரு தரம்தான் வளைக்க வேண்டும். இன்று நன்றாக இருக்கிறது. என்றைக்குப் பிளக்கும் என்று எனக்குத் தெரியாது.

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். உங்கள் கவுன்டரில் நின்று ஓயாமல் பேசுகிற அந்த இந்தியன் இருக்கிறானே, அவன் நாளைக்குச் சுடப் போகிறான் என்றால் இதை அவனிடம் கொடுப்பாயா?

"நோ," என்றேன். தொண்டையைச் செருமவில்லை, அட்டையைத் தேடவில்லை.

அவர் மகசினை மேசைமேல் என் பக்கம் தள்ளினார்.

ஸ்பிரிங், தட்டு, உதடு, தையல் பற்றி மேலே எழுதியதெல்லாம் சரிதான். அவற்றை யாரும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நான் இப்போது ஒவ்வொரு மகசினையும் கையில் எடுத்ததும், உதட்டைப் பார்ப்பதற்கு முன், எனக்குத் தெரிந்த ஓர் ஆளின் பெயரை நினைத்துக்கொள்கிறேன். அவரிடம் இதைக் கொடுத்து, இதற்கு நான் என்னென்ன செய்தேன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமென்றால் திருத்துகிறேன். சொல்ல வாய் வராதென்றால், எத்தனை நல்ல தகரமானாலும், வைஸ் இடுக்கியில் வைத்து நானே நசுக்குகிறேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.